நான்கு லட்சம் டாலர் கேட்கலாமா?

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் இருக்கிறேன். ஐ.டி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். பக்கத்து வீட்டுக்காரர் முன்னாள் மரைன், இரண்டு கால்களையும் இழந்தவர். கையால் சுற்றி ஓட்டும் ஹேண்ட்சைக்கிளுக்காக அவர் தொடங்கிய கிளப்புக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கப் போனேன். இப்போது நான்தான் பொருளாளர். சனிக்கிழமை காலைகளில் ஊனமுற்ற முன்னாள் படைவீரர்கள் இருபது பேர் வரை வருகிறார்கள். தொண்டு அமைப்புக்கான 501சி3 வரிவிலக்கு வாங்கி மூன்று வருடம் ஆகிறது. ஆண்டுச் செலவு 58,000 டாலர், எல்லாம் நன்கொடை. படைவீரர் நலத்துறை, அதாவது வி.ஏ., இந்த மாதிரி விளையாட்டுத் திட்டங்களுக்கு ஏழரை லட்சம் டாலர் வரை மானியம் கொடுக்கிறது என்று எங்கள் தலைவர் கேள்விப்பட்டிருக்கிறார். குறைந்தது நான்கு லட்சமாவது கேட்போம் என்கிறார். விண்ணப்பம் எழுதித் தருகிறேன், கிடைத்தால் 8 சதவீதம் கொடுங்கள் என்று ஒருவர் வந்திருக்கிறார். கேட்கலாமா? கேட்டால் எதைச் சொல்லி எழுதுவது? இன்னொரு சந்தேகமும் உண்டு. நான் பட்டாளத்தில் இருந்தவன் இல்லை, இந்தியாவிலிருந்து வந்தவன். இந்தப் பணத்துக்காக நான் போய்ப் பேசினால் எடுபடுமா?

பதில்: அன்புள்ள ஐயா, இந்த வருடம் வி.ஏ.விடம் நேரடியாக விண்ணப்பிக்காதீர்கள். நான்கு லட்சம் மட்டுமல்ல, ஒரு லட்சம்கூட வேண்டாம். வி.ஏ. பணமே உங்களுக்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. அது வேறு ஒரு வாசல் வழியாக, சின்னத் தொகையாக, இதைவிடச் சீக்கிரம் வரும். அந்த வாசலுக்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் தலைவர் கேள்விப்பட்ட தொகை சரிதான். சமீப ஆண்டுகளின் அறிவிப்புகளில் ஒரு அமைப்புக்கான உச்சவரம்பு 7,50,000 டாலர். ஆனால் மொத்தப் பணம் வருடத்துக்கு ஏறத்தாழ 1.6 கோடி டாலர்தான். அதிலும் சுமார் 15 லட்சம் குதிரைகளைக் கொண்டு தரும் சிகிச்சைத் திட்டங்களுக்கென்று ஒதுக்கப்படுகிறது. பணம் பெறும் அமைப்புகள் எண்பது, தொண்ணூறு. வகுத்துப் பாருங்கள், சராசரி இரண்டு லட்சத்தைச் சுற்றித்தான் நிற்கும். அந்தச் சராசரியை வாங்குகிறவர்களும் தேசிய அளவில் பல மாநிலங்களில் வேலை செய்பவர்கள், மருத்துவமனையோடு இணைந்தவர்கள், பல்கலைக்கழகங்கள், நகராட்சிப் பூங்காத் துறைகள்.

இது தற்செயல் இல்லை. 2008-ல் வந்த சட்டப்படி இந்தப் பணம் அமெரிக்கப் பாராலிம்பிக் அமைப்பின் வழியாகத்தான் போனது. 2013-ல் சட்டத்தைத் திருத்தி மற்ற அமைப்புகளும் போட்டியிடலாம் என்று கதவைத் திறந்தார்கள். திறக்கும்போதே ஒரு நிபந்தனையும் வைத்தார்கள்: பெரிய அளவிலான மாற்றுத்திறனாளி விளையாட்டுத் திட்டத்தை நடத்திய கணிசமான அனுபவம் வேண்டும். சனிக்கிழமை இருபது பேரைப் பத்திரமாகப் பாதையில் கூட்டிப்போய் வருவது பெரிய காரியம்தான். ஆனால் அந்த வாக்கியத்தில் சொல்லும் 'பெரிய அளவு' அது இல்லை. மதிப்பெண் போடுகிறவர் உங்களுக்கு அந்த இடத்தில் இரக்கப்பட்டு மார்க் போட மாட்டார்.

சரி, இரக்கப்பட்டே போட்டுவிட்டார், நான்கு லட்சம் வந்தும் விட்டது என்று வைத்துக்கொள்வோம். எனக்கு அதுதான் அதிகப் பயம். 58,000 டாலரில் ஓடும் கிளப்புக்கு ஒரே வருடத்தில் ஏழு மடங்கு பணம். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பார்களே, அது மானியத்துக்கு மிகப் பொருந்தும். ஃபெடரல் பணத்தில், அதாவது மத்திய அரசின் பணத்தில், சம்பளம் வாங்குகிறவர் எத்தனை மணி நேரத்தை எந்த வேலைக்குச் செலவழித்தார் என்று பதிவு வேண்டும். அந்தப் பணத்தில் வாங்கிய விலையுயர்ந்த கருவிகளுக்கெல்லாம் பட்டியல் வைத்து, குறைந்தது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நேரில் சரிபார்க்க வேண்டும். விற்கவோ கொடுக்கவோ நினைத்தால் அதற்கும் விதி. சனிக்கிழமைகளில் மனைவியோ பேரனோ கூட வந்து கிளப் சைக்கிளை ஓட்டினால், அந்தச் செலவு முன்னாள் படைவீரர் கணக்கில் சேரக்கூடாது, பிரித்துக் காட்ட வேண்டும். நிர்வாகச் செலவுக்கும் இறுக்கமான வரம்பு உண்டு. மற்ற ஃபெடரல் மானியங்களில் 2024 அக்டோபர் முதல் 15 சதவீதம் வரை மறைமுகச் செலவாக, அதாவது எந்த ஒரு திட்டத்துக்கும் தனியாகச் சேராத பொதுச் செலவாகக் காட்டலாம் என்று யாராவது சொன்னால், அதை அப்படியே இங்கே கொண்டுவந்துவிடாதீர்கள். அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் இருக்கும் வரம்புதான் செல்லும்.

இதையெல்லாம் யார் செய்வது? தலைவர் செய்ய மாட்டார். அவர் சைக்கிளில் இருப்பார். உங்கள் சாப்பாட்டு மேசையில்தான் அந்தக் கோப்புகள் வந்து உட்காரும். அப்புறம் பன்னிரண்டு மாதம் கழித்துப் பணம் நின்றுவிட்டால், அதை நம்பி வேலைக்கு வைத்த ஒருங்கிணைப்பாளரிடம் சமாதானம் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். 'முதலில் பணம் வரட்டும், பிறகு யோசிப்போம்' என்கிற தலைவர்களை, மானிய விண்ணப்பங்களோடு புழங்கும் என் தொழிலில் நிறையப் பார்க்கிறேன். நல்ல மனிதர்கள்தான். பொருளாளருக்கு மட்டும் தூக்கம் போகும்.

இப்போது அந்த இன்னொரு வாசல். மூவ் யுனைடெட் என்ற தேசிய அமைப்பைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1967-ல் போரில் ஊனமுற்ற சில முன்னாள் வீரர்கள் பனிச்சறுக்குக்காகத் தொடங்கியது. நெடுங்காலம் டிஸேபிள்ட் ஸ்போர்ட்ஸ் யு.எஸ்.ஏ. என்று பெயர். 2020-ல் இன்னொரு அமைப்போடு இணைந்து இந்தப் பெயருக்கு மாறியது. உங்கள் மாதிரி உள்ளூர்க் குழுக்கள் இருநூறுக்கும் மேல் அதில் உறுப்பினர்களாக இருக்கின்றன. முன்னாள் படைவீரர்களுக்கென்று வார்ஃபைட்டர் ஸ்போர்ட்ஸ் என்று ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். பெரிய அளவில் பணம் திரட்டி, அதை உறுப்பினர் குழுக்களுக்குச் சிறு மானியங்களாகப் பிரித்துக் கொடுப்பது அவர்களுடைய வழக்கம். ஃபெடரல் கணக்கின் பெருஞ்சுமை மேலே இருப்பவர்களோடு நின்றுவிடும். உங்களிடம் வருவது ஒரு எளிய ஒப்பந்தம், வந்தவர்களின் எண்ணிக்கை, ரசீதுகள், ஒரு அறிக்கை. முதல் வருடம் பத்தாயிரம், இருபதாயிரம் என்று எதிர்பார்க்கும் மனநிலையோடு போங்கள். அந்தக் கணக்கை ஒழுங்காக ஒப்படைத்த காகிதம்தான் பிறகு எங்கே போனாலும் உங்களுக்குச் சிபாரிசு. இரண்டு மூன்று வருடம் இப்படி ஓடியபின் வி.ஏ.விடம் நேரே போவதைப் பற்றிப் பேசலாம். அப்போது நானே எழுதச் சொல்வேன்.

டெக்சாஸில் இருப்பதும் உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். டெக்சாஸ் படைவீரர் ஆணையம் உள்ளூர் அமைப்புகளுக்கு மானியம் கொடுக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி லாட்டரியிலிருந்து வருகிறது. 2009 முதல் முன்னாள் படைவீரர்களுக்கென்றே தனிச் சுரண்டல் சீட்டு விற்கிறார்கள். லாட்டரிப் பணம் வேண்டாம் என்று உங்கள் குழுவில் யாராவது சொன்னால் அது அவர்கள் விருப்பம், நான் குறுக்கே வரவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். மாநில மானியமோ ஃபெடரல் மானியமோ, பெரும்பாலும் முதலில் நீங்கள் செலவழித்துவிட்டுப் பிறகு திரும்பப் பெறும் முறைதான். இரண்டு மூன்று மாதச் செலவுக்குக் கையிருப்பு இல்லாமல் அதில் இறங்கினால், மானியம் கிடைத்த பிறகும் வாடகை கட்டக் கடன் வாங்க வேண்டிவரும்.

தனியார் அறக்கட்டளைகள் பக்கம் போகும்போது ஒரு வேலையைக் கட்டாயம் செய்யுங்கள். இங்கே தனியார் அறக்கட்டளை ஒவ்வொன்றும் வருடாவருடம் 990-பிஎஃப் என்ற படிவத்தை வரித்துறைக்குத் தர வேண்டும். அது பொதுமக்கள் பார்வைக்கு உரியது, இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும். அந்த வருடம் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று அதில் வரிவரியாக இருக்கும். தங்கள் சொத்தில் ஏறத்தாழ 5 சதவீதத்தை ஒவ்வொரு வருடமும் அவர்கள் வழங்கியாக வேண்டும் என்பதும் சட்டம். ஆகவே 'கொடுப்பார்களா' என்று யோசிக்க வேண்டாம், கொடுத்தே ஆக வேண்டும். உங்கள் அளவுள்ள குழுவுக்கு, உங்கள் ஊரில், எத்தனை டாலர் கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. அறக்கட்டளையின் இணையதளத்தில் இருக்கும் அழகான வாசகங்களைவிட இந்தப் படிவம் நேர்மையானது. ஐ.டி.யில் இருந்தவருக்கு இதைத் தோண்டுவது ஒரு வார இறுதி வேலை. வலேரோ, யு.எஸ்.ஏ.ஏ., எச்-இ-பி என்று மூன்று பெரிய நிறுவனங்களுக்குத் தலைமையகம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அதில் யு.எஸ்.ஏ.ஏ. படைவீரர்களையும் அவர்கள் குடும்பங்களையும் வாடிக்கையாளர்களாக வைத்தே வளர்ந்தது. அவர்களிடம் கேட்கும் தொகையையும் அடக்கமாகவே வையுங்கள்.

அடுத்து, எதைச் சொல்லி எழுதுவது. இங்கேதான் பெரும்பாலான விண்ணப்பங்கள் சறுக்குகின்றன.

இந்த வகை விண்ணப்பங்கள் எல்லாவற்றிலும் ஒரே இளைஞன் வருவான். இருபத்து நான்கு வயது, ஈராக் அல்லது ஆப்கானிஸ்தான், சாலையோரக் குண்டு, இரண்டு கால்கள், பிறகு ஒரு சைக்கிள், புதிய வாழ்க்கை. அப்படிப்பட்டவர்கள் உண்மையில் இருக்கிறார்கள், உங்கள் தலைவரே அப்படி இருக்கலாம். ஆனால் வி.ஏ. மருத்துவமனைகளில் கால் எடுக்கப்படுகிறவர்களில் மிகப் பலருக்குக் காரணம் குண்டு இல்லை. சர்க்கரை நோயும் ரத்தக் குழாய் அடைப்பும்தான். வியட்நாம் காலத்து ஆட்கள், எழுபதைத் தாண்டியவர்கள். அந்தப் போரில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லி பட்டவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயை, ராணுவ சேவையால் வந்ததாகவே வி.ஏ. ஏற்றுக்கொள்கிறது. முதுகுத்தண்டு அடிபட்டவர்களிலும் கார் விபத்து, கீழே விழுந்தது, நரம்பு நோய் என்று பலவகை உண்டு. மானியத்தை மதிப்பிடும் குழுவில் மறுவாழ்வுத் துறை ஆட்கள் இருப்பார்கள். தங்கள் வார்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். உங்கள் பக்கங்களில் அந்த எழுபத்திரண்டு வயதுக்காரர் இல்லையென்றால், இந்தக் குழுவுக்குத் தங்கள் ஆட்களைத் தெரியவில்லை என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

அவரைச் சேர்த்துவிட்டால் உங்கள் திட்டமே வேறாகிவிடும், அதையும் யோசியுங்கள். அவருக்குத் தாழ்வாகப் படுத்து ஓட்டும் பந்தய ஹேண்ட்சைக்கிள் தேவையில்லை. ஏறி இறங்க உயரமான இருக்கை கொண்ட மூன்று சக்கர வண்டி வேண்டும். சனிக்கிழமை விடியற்காலை கார் ஓட்டி வர அவரால் முடியாது. வார நாள் பத்து மணிக்கு, சக்கர நாற்காலியை ஏற்றும் வேன் வந்து அழைத்துப் போக வேண்டும். கால் உணர்ச்சி இல்லாதவருக்கு இருக்கை அழுத்தித் தோல் புண்ணாவது தெரியாது, ஆகவே நல்ல மெத்தை, ஓட்டி முடித்ததும் ஒரு சரிபார்ப்பு. மார்புப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்புக்கு மேலே தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு உடல் சரியாக வியர்க்காது. சான் அன்டோனியோ ஜூலை வெயிலில் அவர்களை வெளியே கொண்டுவருவது ஆபத்து. அக்டோபரிலிருந்து மே வரை மிஷன் ரீச் ஆற்றங்கரைப் பாதை, கோடையில் உள்ளரங்கமோ நீச்சல் குளமோ என்று வருடத்தை இரண்டாகப் பிரித்து எழுதினால், இவர்கள் ஊரையும் உடம்பையும் அறிந்தவர்கள் என்று படிப்பவருக்கு உடனே புரியும். ஃபெடரல் நிதியாண்டும் அக்டோபரில்தான் தொடங்குகிறது, வசதியாகப் போயிற்று.

கருவிகளைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தையும் இங்கேயே கழித்துவிடுகிறேன். ஒரு ஹேண்ட்சைக்கிள் சில ஆயிரம் டாலர், பந்தய ரகம் என்றால் இன்னும் மேலே. அதனால் 'முப்பது பேருக்கு முப்பது சைக்கிள்' என்று பட்ஜெட் போடத் தோன்றும். வேண்டாம். தகுதியுள்ள முன்னாள் படைவீரருக்கு அவருடைய சொந்த விளையாட்டுக் கருவியை வி.ஏ.வின் செயற்கை உறுப்புப் பிரிவே கொடுக்க முடியும். மறுவாழ்வுச் சிகிச்சையாளர் பரிசோதித்து, இந்த நோயாளிக்கு இது தேவை, இவர் இதைப் பயன்படுத்துவார் என்று எழுதித் தர வேண்டும். அங்கே மாட்டிக்கொள்வது எங்கே தெரியுமா? ஒரு முறைகூட ஓட்டிப் பார்க்காதவருக்கு எந்த ரகம் பொருந்தும் என்று சிகிச்சையாளரால் எழுத முடியாது. அந்த இடைவெளியைத்தான் உங்கள் கிளப் நிரப்புகிறது. பல ரகங்களில் ஏழெட்டு வண்டிகள், வந்து ஓட்டிப் பார்க்கலாம், இரண்டு மாதம் பழகலாம், பொருந்தியதும் வி.ஏ.விடம் சொந்த வண்டி கேட்கலாம். இதை எழுதுங்கள். இரண்டே வண்டிகள் கேட்டு, அவை எத்தனை பேரைச் சொந்த வண்டிக்காரர்களாக ஆக்கும் என்று காட்டும் விண்ணப்பத்துக்கு முன்னால், முப்பது வண்டி கேட்கும் விண்ணப்பம் நிற்காது. முதுகுத்தண்டு அடிபட்டும் வி.ஏ. வழியில் பெற முடியாத தனிநபர்களுக்கு கெல்லி பிரஷ் அறக்கட்டளை கருவி உதவி செய்கிறது. சேலஞ்ச்ட் அத்லெட்ஸ் ஃபவுண்டேஷனும் தனிநபர்களுக்குக் கொடுக்கிறது. அவர்கள் அங்கே தாங்களே விண்ணப்பிக்க நீங்கள் உட்கார்ந்து உதவுங்கள், உங்கள் கிளப் பட்ஜெட்டில் சேர்க்காதீர்கள்.

இதனால்தான் உங்களுக்கு இப்போது மிக அவசரமாகத் தேவைப்படுவது பணம் இல்லை, ஒரு ஆள் என்கிறேன். சான் அன்டோனியோவின் ஆடி மர்ஃபி வி.ஏ. மருத்துவமனையில் முதுகுத்தண்டுக் காயத்துக்கென்று தனி மையம் இருக்கிறது. நாட்டிலேயே ஐந்தே ஐந்து என்றிருக்கும் பலவகைக் காய மறுவாழ்வு மையங்களில் (ஒரே ஆளுக்குப் பல இடங்களில் கடும் காயம் பட்டால் பார்ப்பவை) ஒன்றும் அங்கேதான். ராணுவத்தின் பக்கம் சென்டர் ஃபார் தி இன்ட்ரெபிட் என்ற மறுவாழ்வு மையம் 2007-ல் திறந்தது. அந்தக் கட்டடமே ஆறு லட்சம் அமெரிக்கர்கள் கொடுத்த நன்கொடையில் எழுந்தது. இந்த இரண்டு இடங்களிலும் பொழுதுபோக்குச் சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள், ரெக்ரியேஷன் தெரபிஸ்ட் என்பார்கள். வீட்டுக்குப் போகும் நோயாளியிடம் 'இனி சனிக்கிழமை என்ன செய்வாய்?' என்று கேட்பது அவர்கள் வேலை. சொல்லி அனுப்ப அவர்களுக்கு ஒரு நம்பகமான இடம் வேண்டும். உங்கள் தலைவரும் நீங்களும் போய் ஒருவரைப் பாருங்கள். முதல் சந்திப்பில் மானியப் பேச்சே வேண்டாம். முதலுதவிப் பயிற்சி யாருக்கு இருக்கிறது, காப்பீடு என்ன, தன்னார்வலர்களின் பின்னணி விசாரித்தீர்களா, ஒருவருக்கு வழியில் ரத்த அழுத்தம் ஏறினால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். பதில் தயாராக இருந்தால் அடுத்த மாதம் இரண்டு பேரை அனுப்புவார்கள். ஒரு வருடத்தில் அப்படி எத்தனை பேர் அனுப்பப்பட்டு வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் மூன்று மாதம் தாண்டியும் நின்றார்கள் என்று உங்களால் சொல்ல முடிந்தால், உங்கள் விண்ணப்பத்தில் பாதி எழுதி முடித்தாயிற்று.

எண்ணிக்கை என்றதும் ஒரு எச்சரிக்கை. வருடத்தில் நாற்பது சனிக்கிழமை, வாரத்துக்கு இருபது பேர் என்று பெருக்கி '800 முன்னாள் படைவீரர்கள் பயன்பெற்றனர்' என்று எழுதுகிற குழுக்கள் உண்டு. அது 800 வருகை. ஆட்கள் முப்பத்தைந்து பேராக இருக்கலாம். இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். சின்ன எண் கேவலமில்லை. தெரிந்தே ஊதிய எண் வெளியே வந்தால்தான் கேவலம். இன்றே ஒரு எக்செல் கோப்பு திறங்கள்: பெயருக்குப் பதில் ஒரு எண், முதல் தடவை வந்த தேதி, யார் அனுப்பினார்கள், எந்தெந்த வாரம் வந்தார், சொந்த வண்டி கிடைத்ததா. படைவீரர் என்பதற்கான டிடி-214 சான்றைப் பார்த்ததாக ஒரு குறிப்பு போதும், நகல்களைச் சேர்த்து வைக்காதீர்கள். நோய் விவரம் கேட்கவே வேண்டாம்; பாதுகாப்பாக ஓட்டத் தேவையானதை மட்டும் அவர்களே எழுதித் தரட்டும். மனநிலை, தூக்கம், வலி பற்றிய கேள்வித்தாள் வேண்டும் என்றால், நீங்களாக ஒன்றைத் தயாரிக்காமல் அந்தச் சிகிச்சையாளர் ஏற்கெனவே பயன்படுத்துவதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்ஜெட்டில் எல்லோரும் மறப்பது போக்குவரத்து. நான் படிக்கும் விண்ணப்பங்களில் சைக்கிளுக்கு இருக்கும் தொகையில் பத்தில் ஒரு பங்குகூட வேனுக்கு இருக்காது. வருகிறவர் வராமல் போவதற்கு முதல் காரணம் வண்டி வசதி இல்லாததுதான் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அதற்கு அடுத்தது டயர், செயின், பேட்டரி, அவற்றைப் பார்க்கும் மெக்கானிக். வாங்க மட்டும் பணம் கேட்டுப் பராமரிக்கக் கேட்காத குழுக்களின் ஷெட்டில் மூன்றாவது வருடம் பாதி வண்டிகள் பஞ்சராகி நிற்கும்.

8 சதவீதக்காரர் விஷயம். வேண்டாம் என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிடுங்கள். கிடைத்த தொகையில் விகிதம் வாங்குவதை எங்கள் தொழில் சங்கங்களின் நெறிமுறை வெளிப்படையாகத் தடுக்கிறது. மானியம் கிடைப்பதற்கு முன் செய்த வேலைக்கான கூலியை ஃபெடரல் மானியத்திலிருந்து எடுக்கவும் முடியாது. ஆக அந்த 32,000 டாலரை உங்கள் நன்கொடைப் பணத்திலிருந்துதான் கொடுக்க வேண்டிவரும், அதாவது வருடச் செலவில் பாதிக்கும் மேல். விகிதக் கூலிக்காரர் ஏன் பெரிய தொகை கேட்கச் சொல்கிறார் என்பதும் இப்போது விளங்கியிருக்கும். எழுத உதவி தேவைப்பட்டால் மணிக்கு இவ்வளவு, அல்லது விண்ணப்பத்துக்கு இவ்வளவு என்று பேசி அமர்த்துங்கள். இந்த அளவு வேலைக்கு அதுவும் தேவையில்லை என்பது என் எண்ணம். உங்கள் கடிதமே தெளிவாக இருக்கிறது.

நீங்கள் கடைசியாகக் கேட்டது. பட்டாளத்தில் இல்லாதவர், இந்தியாவிலிருந்து வந்தவர் பேசினால் எடுபடுமா? பொருளாளரிடம் யாரும் பதக்கம் கேட்பதில்லை. வங்கி அறிக்கையும் ரசீதும் பொருந்துகிறதா என்றுதான் கேட்பார்கள். கணக்குப் பகுதியை நீங்கள் பேசுங்கள், அதைத் தயங்காமல் பேசுங்கள். சைக்கிளில் ஏறும்போது என்ன ஆகிறது என்பதை மட்டும் ஓட்டுகிறவரே சொல்லட்டும். முடிந்தால் தலைவர் மட்டுமல்ல, அந்த எழுபது வயதுக்காரரையும் அழைத்துப் போங்கள். அவர்கள் சார்பில் உருக்கமாகப் பேசும் ஆசை மட்டும் உங்களுக்கு வந்துவிடக் கூடாது. நம்மவர்களுக்கு மேடை கிடைத்தால் அது கொஞ்சம் வரும்.

நம்மவர்கள் என்றதும் இன்னொன்று. உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் கட்டாயம் இருப்பார்கள். அவற்றில் பல, ஊழியர் கொடுக்கும் நன்கொடைக்கு இணையாகத் தாமும் கொடுக்கின்றன. சில நிறுவனங்கள் தன்னார்வ வேலை செய்த மணிகளுக்கும் கொடுக்கின்றன. மைக்ரோசாஃப்ட் தன் ஊழியர் செய்யும் ஒரு மணி நேரத்துக்கு 25 டாலர் தருகிறது. சனிக்கிழமை காலை நான்கு பேர் வந்து வண்டிகளுக்குக் காற்றடித்து, கூடவே சைக்கிள் ஓட்டிப் போனால் உதவிக்கு உதவி, பணத்துக்குப் பணம். இதற்கு விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை. இந்த நிறுவனங்கள் பயன்படுத்தும் நன்கொடைத் தளங்களில் கிளப்பின் பெயர் சரியாகப் பதிவாகி இருக்கிறதா என்று மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நேரடி வி.ஏ. விண்ணப்பம் இப்போது வேண்டாம் என்றேனே, அதற்கான ஒரே ஒரு வேலையை மட்டும் இப்போதே தொடங்கி வையுங்கள். ஃபெடரல் பணம் வாங்கும் எந்த அமைப்புக்கும் சாம் டாட் கவ் (SAM.gov) என்ற அரசுப் பதிவுத் தளத்தில் தனி அடையாள எண் வேண்டும். மூவ் யுனைடெட் போன்றவர்கள் வழியாக ஃபெடரல் பணத்தைத் துணை மானியமாக வாங்கவும் அந்த எண்ணைக் கேட்பார்கள். முழுப் பதிவு முடியச் சில வாரங்கள் பிடிக்கும், கிளப்பின் சட்டப் பெயரும் முகவரியும் வரித்துறையிடம் இருப்பதோடு ஓர் எழுத்து மாறினாலும் திரும்பி வரும். முழுப் பதிவை வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். பதிவு செய்த சில நாட்களில் 'உங்கள் பதிவு காலாவதியாகிறது, 599 டாலர் கட்டுங்கள்' என்கிற ரீதியில் அரசாங்கக் கடிதம் போலவே மின்னஞ்சல்கள் வரத் தொடங்கும். கட்டாதீர்கள். அந்தப் பதிவு முற்றிலும் இலவசம்.